நோகவில்லை என்று சொல்கிற கை

தம்பி,

நீ தமிழ் வாசிக்க மாட்டாய் என்று தெரிந்தும் தமிழில்தான் எழுதுகிறேன். போனில் போட்டால் அதுவே வாசித்துக் காட்டும் என்று நீதான் எனக்குச் சொல்லித் தந்தாய். முன்பின் தெரியாத ஒரு பெண்குரலில் உன் அம்மா கதைப்பதைக் கேட்க உனக்குச் சிரிப்பு வரும். வரட்டும், சிரி. ஆங்கிலத்தில் எழுதினால், நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் மேலிடத்துக்கு எழுதிக் கொடுக்கிற குறிப்பு மாதிரி வந்துவிடும். அதில் எனக்குக் கோபமும் வராது, அழுகையும் வராது. இப்போது எனக்கு இரண்டும் வருகிறது. இதை நம்முடைய தமிழ்ப் பத்திரிகைக்கும் கொடுக்கப் போகிறேன். ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உன் தலையில் கைவைத்து நான் செய்த சத்தியத்தை உடைத்துவிட்டேன். உன் கை நோகிற விஷயத்தை அப்பாவுக்குச் சொல்லிவிட்டேன். உன்னைச் சின்ன வயதிலிருந்து பழக்கிய கிரெக்குக்கும் சொல்லிவிட்டேன். உடனே போனை நிறுத்திவிடாதே. முழுவதையும் கேள்.

பத்திரிகையில் வாசிக்கிறவர்களுக்கு ஒன்றும் விளங்காது என்பதால் உனக்குத் தெரிந்ததையே உன்னிடம் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீ நாங்கள் ஊரை விட்டு வந்து குடியேறிய குவேக்கர்ஸ் ஹில்லில் வளர்ந்தவன். எங்கள் ஆட்களின் பிள்ளைகள் எல்லாம் கிரிக்கெட் மட்டையோடு திரிந்த காலத்தில் பேஸ்போல் விளையாடப் போனவன். அதிலும் பந்து எறிகிறவன், பிட்சர். உன் கையை நம்பித்தான் அமெரிக்காவில் ஒரு கிளப் உன்னை எடுத்திருக்கிறது. நீ அங்கே போய் இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. முதல்முதல் உன் ஆட்டத்தைப் பார்க்க வந்த அன்று அப்பா செய்த கூத்தை நீ மறந்திருக்க மாட்டாய். நீ பந்தை எறிந்த உடனே அவர் கதிரையை விட்டு எழும்பி, "கை மடங்குது! கை மடங்குது! நோ போல்!" என்று கத்தினார். கிரிக்கெட்டில் கை மடங்கினால் குற்றம் அல்லவா? பக்கத்திலிருந்த வெள்ளைக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சொந்தப் பிள்ளைக்கு எதிராகத் தீர்ப்புக் கேட்ட ஒரே தகப்பன் இந்த ஊரில் உன்னுடைய அப்பாதான். நீ வெட்கத்தில் தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாய். பிறகு அவர் விதிகளைப் படித்து, எனக்கும் சொல்லித் தந்து, கடைசியில் உன்னை விட அவருக்குத்தான் பைத்தியம் முற்றியது.

உன் கட்டிலுக்கு மேலே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. எங்கள் வீடுகளில் கறுப்பு வெள்ளைப் படம் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கினால் அது செத்துப்போன சொந்தக்காரர். நீ அதை மாட்டிய அன்று அப்பா அறை வாசலில் நின்று, "ஆரப்பா இந்த மனுசன்? உங்கட பக்கத்து ஆளோ?" என்று என்னைக் கேட்டார். பெரிய காது, தொளதொளத்த உடுப்பு, கையில் மிதிபட்ட பாண்துண்டு மாதிரி ஒரு கையுறை. நூறு வருஷத்துக்கு முந்திய அமெரிக்கப் பிட்சர் என்று நீ சொன்னாய். பெயர் எனக்கு இன்றைக்கும் வாயில் நுழையாது. "உன்ரை அங்கிள்" என்றுதான் சொல்லுவேன், நீ முறைப்பாய்.

பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போகிற வழியெல்லாம் அந்த அங்கிளின் கதைதான். நான் கார் ஓட்டுவேன், நீ பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டு வருவாய். தகப்பன் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவராம். அங்கிளும் சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுச் சுரங்க வாசலில் கரிக்குள் கிடக்கிற கல்லைப் பொறுக்கி எறிகிற வேலைக்குப் போனாராம். எறிந்து எறிந்துதான் அந்தக் கை அப்படி ஆனது என்பாய். முதலில் ஊர் அணி. பிறகு யாரோ ஒருவர் கண்டு பெரிய நகரத்துக்குக் கூட்டிப் போனார். தொப்பி போட்ட ஆம்பிளைகள் ரயில் ஏறி வந்து அவருடைய எறியைப் பார்த்தார்களாம். மத்தியானம் ஒரு ஆட்டம் முழுவதையும் எறிந்து முடித்துவிட்டு, நின்ற நிலையில் எதையோ தின்றுவிட்டு, பின்னேரம் அடுத்த ஆட்டத்தையும் அவரே எறிவாராம். இப்போது உங்களை ஒரு ஆட்டத்தில் இத்தனை எறி என்று எண்ணித்தான் எறிய விடுகிறார்கள். அப்போது கை கழன்று விழும்வரை விட்டிருக்கிறார்கள். "கை எப்படி?" என்று அணியின் முதலாளி கேட்பார், "நல்லா இருக்கு" என்று இவர் சொல்லுவார். ஒவ்வொரு வருஷமும் இதே கேள்வி, இதே பதில்.

ஒருநாள் சிவப்பு விளக்கில் நிற்கும்போது நீ சொன்னாய். "அம்மா, கடைசியில அவரால கையைத் தூக்கவே ஏலாது. வைஃப்தான் சேர்ட் பட்டன் போட்டு விடுறவ. அப்பிடியும் போய் வின் பண்ணினவர்!" உன் கண்ணெல்லாம் மின்னியது. எனக்குப் பச்சை விளக்கு விழுந்ததே தெரியவில்லை, பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான்.

"பிறகு?" என்று கேட்டேன்.

"பிறகென்ன, கை போயிட்டுது. ஊருக்குத் திரும்பிட்டார்."

"அப்ப எத்தினை வயசு?"

"முப்பது வராது."

"எப்ப செத்தவர்?"

"நல்லா வயசு போய்த்தான். ஹீ வாஸ் ஓல்ட்."

"இடையில?"

"இடையில ஒண்டுமில்லை அம்மா. ஏதோ பெற்றோல் ஷெட் வைச்சிருந்தவராம்."

இடையில ஒன்றுமில்லை என்று நீ சொன்ன காலத்தில்தான் நான் என் வேலையைச் செய்கிறேன், தம்பி. காலையில் போய் வயதான ஆம்பிளைகளுக்குச் சேர்ட் மாட்டி, ஒவ்வொரு பட்டனாகப் போட்டு விடுகிறவள் நான். கை தூக்க முடியாத மனிதருக்குச் சேர்ட் மாட்டுவது எப்படி என்று எனக்குத் தெரியும். நோகிற கையை முதலில் நுழைக்க வேண்டும். அப்போது அவர்கள் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், சுவரைப் பார்ப்பார்கள். ஒரு காலத்தில் லொறி ஓட்டியவர்கள், ஆடு மயிர் கத்தரித்தவர்கள், பெரிய குடும்பத்தையே தூக்கி நிறுத்தியவர்கள். உன் அங்கிளின் பெண்சாதியை எனக்கு நன்றாகத் தெரிந்த மாதிரி இருந்தது. ஆட்டம் நடந்த சில வருஷம் மட்டுமா அவள் பட்டன் போட்டிருப்பாள்? அதற்குப் பிறகு கிடந்த வருஷமெல்லாம் யார் போட்டது? உன் கதையில் அந்தப் பெண் ஒரே ஒரு வரியில் வந்து போய்விட்டாள். அன்றைக்கு இதை உன்னிடம் சொல்லத் தெரியாமல், "வெயிலுக்க விளையாடாமல் தண்ணி குடி" என்று மட்டும் சொன்னேன்.

நோவை மறைப்பது உனக்கு அந்த அங்கிள் பழக்கியதில்லை. அது எங்கள் வீட்டுப் பழக்கம். அப்பா வந்த புதிதில் குளிர்க்களஞ்சியத்தில் பெட்டி தூக்கினார். தற்காலிக விசா. முதுகு பிடித்துக்கொண்டது. முதுகு பிடித்தவனை யார் வேலைக்கு வைத்திருப்பான்? ஒருநாள் அவர் குசினித் தரையில் மல்லாக்கக் கிடக்கிறார், எழும்ப முடியவில்லை. நீ அப்போது முழங்கால் உயரம். சூப்பர்வைசரின் போன் வந்தது. கிடந்த கிடையிலேயே போனை வாங்கி, "நோ வொரிஸ், மேட்! ஐ ஆம் குட்!" என்று கல்யாண வீட்டில் நிற்கிறவர் மாதிரி சந்தோஷமாகக் கதைத்தார். போனை வைத்ததும் முகம் கோணிப் போனது. நீ அதைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்து, நீயும் பக்கத்தில் மல்லாக்கப் படுத்து, "ஐ ஆம் குட்!" என்று சொன்னாய். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? அன்று சிரிக்காமல் நாங்கள் வேறு ஏதும் செய்திருக்கலாமோ என்று இப்போது யோசிக்கிறேன். யோசித்து என்ன, அன்றைக்கு வேறு வழியும் இருக்கவில்லை.

நீ போவதற்கு முன்பு, அமெரிக்க கிளப்பின் மருத்துவப் பரிசோதனை முடிந்த கிழமை அது. மத்தியானம் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டு வைத்தேன். நீ கரண்டி எடுத்து இடது கையால் சாப்பிட்டாய். சின்னனில் இருந்து குழைத்துச் சாப்பிடுகிற பிள்ளை. வெளியே பர்கரைத் தின்றாலும் என் சோற்றைக் கையால்தான் தின்பாய். வலது கை மேசைக்குக் கீழே தொடையில் கிடந்தது. நான் கேட்கவில்லை. அடுத்த நாளும் கரண்டி. மூன்றாம் நாள் வேண்டுமென்றே இடியப்பம் அவித்துச் சொதி வைத்தேன். அதைக் கரண்டியால் தின்கிறவனை நான் என் வாழ்க்கையில் கண்டதில்லை. நீ தின்றாய்.

"கையில என்ன தம்பி?"

"நத்திங், அம்மா. கொஞ்சம் டைட்டா இருக்கு."

"மடக்கிக் காட்டு பாப்பம். வாய்க்குக் கொண்டு போ."

நீ மடக்கினாய். பாதி வழியில் நின்றுவிட்டது. உன் மேலுதட்டில் வேர்த்தது. நான் தொடப் போனேன், நீ பட்டென்று இழுத்துக்கொண்டாய். பிறகு மெதுவாக எல்லாம் சொன்னாய். போன பருவத்தில் ஒரு எறியில் முழங்கைக்குள் ஏதோ அறுந்த மாதிரிச் சத்தம் கேட்டது, அன்றிலிருந்து நோ. ஊசி போட்டு, பட்டி கட்டி எறிந்தாய், ஊசி விட்டதும் கை விறைத்துவிடும். கிளப்பின் டொக்டர் ஸ்கான் பார்த்துவிட்டு ஓகே என்று சொல்லிவிட்டார். "தே மிஸ்ட் இட், அம்மா!" என்றாய். பரீட்சையில் பிழை விட்டதை டீச்சர் காணாமல் விட்ட பிள்ளை மாதிரிச் சந்தோஷம்.

"அப்பாவிட்டச் சொல்லுவம்," என்றேன். அப்போதுதான் நீ அதைச் செய்தாய். நீ சின்னனாக இருந்தபோது பக்கத்து வீட்டு ஜன்னல் உடைந்தது, நீ இல்லை என்றாய். என் தலையில் உன் கையை வைத்து, "அம்மா மேல சத்தியமாச் சொல்லு" என்றேன். நீ ஓவென்று அழுது உண்மையைச் சொன்னாய். அதன் பலம் அன்றே உனக்குத் தெரிந்துவிட்டது. கோயிலுக்குப் போனால் வாகனத் தரிப்பிடத்தில் இருந்து போன் பார்க்கிறவன் நீ. உனக்கு இதில் எதிலும் நம்பிக்கை கிடையாது. எனக்கு உண்டு என்று உனக்குத் தெரியும். அதுதான் உன் கெட்டித்தனம். வலது கை எழும்பாமல், இடது கையால் என் கையைப் பிடித்து உன் உச்சந்தலையில் வைத்தாய். "ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன் எண்டு சத்தியம் பண்ணுங்கோ. அப்பாக்கும் சொல்லக்கூடாது. கிரெக்குக்கும் சொல்லக்கூடாது." உன் தலைமயிர் ஈரமாக இருந்தது. நான் கையை எடுக்கப் பார்த்தேன், நீ விடவில்லை. "பிளீஸ், அம்மா. ஒன் சான்ஸ்." நான் சத்தியம் பண்ணினேன்.

பண்ணியிருக்கக் கூடாது. ஆனால் நீ சொல்லு, எந்தத் தாய் அந்த இடத்தில் கையை உதறுவாள்? சொன்னால் சத்தியம் உன் தலையில் விழும். சொல்லாவிட்டால் உன் கை போகும். விமான நிலையத்தில் எல்லாரும் உன்னோடு நின்று படம் எடுத்தார்கள். நீ இடது கையால் பெட்டியை இழுத்துக்கொண்டு போனாய். பெடியன் எவ்வளவு ஸ்டைலாகப் போகிறான் என்று அப்பா சொன்னார். நான் ஓம் என்றேன்.

அதற்குப் பிறகு நான் போகிற இடமெல்லாம் ஓம் சொல்கிற வேலைதான். ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு பிறந்தநாள் வீடு. "அன்ரி, உங்கட மகன் அமெரிக்காவிலயாம்!" "ஓம்." "கையில தங்கம் வைச்சிருக்கிறான் அன்ரி!" "ஓம்." ஒரு தாய் தன் மகனைக் கூட்டி வந்து, உன்னைப் போல அவனும் ஒவ்வொரு நாளும் சுவருக்குப் பந்து எறிகிறானாம், தோள் நோகுது என்றாலும் விடுகிறானில்லையாம் என்று பெருமையாகச் சொன்னாள். அந்தப் பிள்ளைக்கு மீசைகூட அரும்பவில்லை. நான் அவளிடம், "நல்லது" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து என்னை நானே திட்டினேன். பத்திரிகைக்குக் கொடுப்பது அவளுக்காகத்தான். அவளுடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. அவள் வாசிக்கட்டும்.

போன ஞாயிறு உன் ஆட்டத்தை அப்பா டீவியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ எறிந்துவிட்டு ஒவ்வொரு தடவையும் முதுகைத் திருப்பிக்கொண்டு ஒரு கணம் நின்றாய். "பாத்தியே, எவ்வளவு நிதானம்!" என்றார் அப்பா. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "இஞ்சாருங்கோ, அது நிதானமில்லை. அவனுக்கு நோகுது" என்று சொல்லிவிட்டேன். சத்தியம், கை, கரண்டி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டீவியை நிறுத்தவில்லை, சத்தத்தை மட்டும் குறைத்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. "நான் அண்டைக்குக் கத்தினது சரிதான் என்ன, கை மடங்கக்கூடாது" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. போனை எடுத்தார், கிரெக்கின் பெயரைத் தேடினார், எடுத்தபடியே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் நீட்டினார். "நீ கதை. எனக்கு இங்கிலிஷ் வராது" என்றார். இப்போது முப்பது பேருக்கு மேலாளராக இருக்கிறவருக்கு இங்கிலிஷ் வராதாம்.

நான் கதைத்தேன். உன்னைக் காட்டிக்கொடுக்கிறேன், உன் வாய்ப்பை என் வாயாலேயே அழிக்கிறேன் என்று தெரிந்துகொண்டுதான் கதைத்தேன். தயவு செய்து அந்தக் கிளப்புக்குச் சொல்லி அவனை நிறுத்துங்கள், அவன் என்னை வெறுத்தாலும் பரவாயில்லை என்றேன். கிரெக் நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு, அவர்களுக்குத் தெரியும் என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் திரும்பச் சொன்னார். உன்னை எடுக்க முன்னம் கிளப் ஆட்கள் அவரோடு கதைத்தார்களாம், ஸ்கானில் அது தெளிவாகத் தெரிந்ததாம். டொக்டர் கண்டுபிடித்துவிட்டுத்தான் ஓகே போட்டாராம். பிட்சர்மாருடைய முழங்கை முக்கால்வாசியும் இப்படித்தான் இருக்கும், உன்னுடையது கொஞ்சம் மோசம், ஆனாலும் இன்னும் வேகமாக எறிகிறாய். நின்று பிடிக்கிற வரைக்கும் எறிவாய். அறுந்தால் வெட்டித் தைப்பார்கள். தைத்தும் சரிவராவிட்டால் பின்னால் வேறு பெடியன்கள் நிற்கிறார்கள். அப்படியென்றால் அவனுக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டேன். அவன் மறைத்துக்கொண்டு எறிகிறான், அது எல்லாருக்கும் வசதி என்றார். நல்ல மனிதர்தான் கிரெக். தானும் ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும் என்றார். நான் நன்றி சொல்லிப் போனை வைத்தேன். எதற்கு நன்றி சொன்னேனோ தெரியாது, பழக்கதோஷம்.

உன் அங்கிளின் முதலாளிக்கும் தெரிந்துதான் இருந்திருக்கும், தம்பி. கை எப்படி என்று கேட்டவனுக்கு அந்தக் கை எப்படி என்று தெரியாமலா இருக்கும்? தெரிந்துகொண்டுதான் கேட்டிருப்பான். நல்லா இருக்கு என்ற பதில் அவனுக்குத் தேவைப்பட்டது. இவர் அதைக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

நானும் அப்பாவும் அன்று முழுக்க வீட்டுக்குள் ஒருவரை ஒருவர் தட்டிக்கொண்டு நடந்தோம். செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. சத்தியத்தை உடைத்தால் உன்னைக் காப்பாற்றலாம் என்று ஒரு வழி இருந்தது, அதுவும் போய்விட்டது. அங்கே வந்து உன்னை இழுத்துக்கொண்டு வரலாமா என்று அப்பா டிக்கெட் விலை பார்த்தார். நீ சின்னப் பிள்ளை இல்லை, கையெழுத்துப் போட்ட ஆள். திரும்பி வா என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் வரமாட்டாய். எறியாதே என்றும் சொல்லவில்லை. அந்த உரிமை எனக்கு இல்லை என்று விளங்குகிறது, விளங்குவதால் ஒரு ஆறுதலும் இல்லை.

ஒன்றுதான் கேட்கிறேன். உன் சத்தியத்தை உடைத்தவள் கேட்கிறேன், கோபமாக இருந்தாலும் செய். அவர்களுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், இனி இந்த ஊருக்கே தெரியும். மறைப்பதற்கு இனி ஆளில்லை. அடுத்த முறை போன் எடுக்கும்போது நான் "எப்பிடி இருக்கிறாய்?" என்று கேட்பேன். "ஐ ஆம் குட்" என்று சொல்லாதே. நோகுது அம்மா என்று சொல்லு. என்னால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனாலும் சொல்லு.

அம்மா